செங்கரும்புக்கு ஆபீஸ் ஊதா மை: ஒரு பொங்கல் அட்டை செய்த கதை

வாழ்த்து அட்டை செய்யலாம் என்று ஆசைப்படுகிற பலரும் முதலில் மை தொட்டு அடிக்கிற ரப்பர் ஸ்டாம்ப்தான் வாங்குகிறார்கள். பூ, பறவை, பட்டாம்பூச்சி என்று டப்பா நிறையச் சேர்ந்துவிடும், மை மட்டும் ஏதோ ஒரு பேட் இருக்கும். என்னிடம் கேட்டால் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். மையைப் புரிந்துகொண்டு இரண்டு மூன்று வகை வாங்குங்கள், ஸ்டாம்ப்புக்கு அழிரப்பரும் ஒரு கூர்மையான கத்தியும் இருந்தால்கூடப் போதும். ஒரே அச்சுதான், மை மாறினால் வேறு அட்டையாகிவிடும். மை பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்டாம்ப்பும் காப்பாற்றாது.

இந்த வருடம் என் சித்திக்குச் செய்த பொங்கல் அட்டையை வைத்தே சொல்கிறேன். சித்தி கோயம்புத்தூரில் இருக்கிறார், பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அட்டை கைக்கு வந்தால் படத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிட மாட்டார். சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார், விரலால் தடவுவார், பின்னால் எப்படி ஒட்டியிருக்கிறது என்றுகூடத் திருப்பிப் பார்ப்பார். அப்படிப் பார்க்கிறவருக்கு ஒன்றைச் செய்து அனுப்புகிற சந்தோஷமே தனி.

ஒரு காலத்தில் மார்கழி பிறந்துவிட்டால் பெட்டிக்கடை வாசலில்கூடக் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து தொங்கும். சிவகாசியில் அச்சான அட்டைகள், நடிகர்கள், தலைவர்கள், சாமி படங்கள், மாடும் பானையும் கரும்புமாகக் கிராமத்துக் காட்சிகள். இப்போது கடையில் பொங்கல் அட்டையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கைவினைக் கடைகளில் விற்கும் ஸ்டாம்ப் செட்டுகளிலோ கிறிஸ்துமஸ் மரமும் பிறந்தநாள் கேக்கும் ரோஜாவும்தான் அதிகம். பானையும் கரும்பும் வேண்டுமென்றால் நாமே வெட்டிக்கொள்ள வேண்டியதுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் காகிதம், அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வழவழப்பான வெள்ளை அட்டை, பளபளப்புப் பூச்சு இல்லாதது. ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் ஏ6 அட்டை, அதாவது 105க்கு 148 மி.மீ. சி6 கவரில் சரியாக உட்காரும். மடிப்பதற்கு முன்னால், மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்துவிடுங்கள், மடிப்பு வெடிக்காமல் வரும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நடை போய் வந்தால் காகிதத்தைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். கையால் செய்த காகிதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஸ்டாம்ப் அடிப்பதற்கு அதன் சொரசொரப்பு ஒத்துவராது, மெல்லிய கோடெல்லாம் விட்டு விட்டு விழும். அதை அடிப்பகுதிக்கோ கவருக்கோ வைத்துக்கொள்ளலாம்.

இனி மை. டை இங்க் என்பது நீர் போன்ற சாயம். காகிதத்துக்குள் இறங்கிவிடும், சீக்கிரம் காயும், கண்ணாடி மாதிரி அடியில் இருப்பதைக் காட்டும். அதனால் கறுப்பு அட்டையில் டை இங்க் அடித்தால் கண்ணுக்கே தெரியாது. பிக்மென்ட் இங்க் கெட்டியானது, நிறத்துகள்கள் காகிதத்தின் மேலேயே தங்கும், அடியில் இருக்கும் நிறத்தை மறைக்கும், காய்வதற்கு நேரம் எடுக்கும். அந்த மெதுவாகக் காய்கிற குணம்தான் எம்பாசிங்குக்கு, அதாவது அச்சின் மேல் பவுடர் தூவி உருக்கி மேடாக்குவதற்குத் தேவை, ஈரம் இருந்தால்தானே பவுடர் ஒட்டும். மூன்றாவது வகை எந்த நிறமும் இல்லாத பிசுபிசுப்பான மை, வெர்சாமார்க் என்று கிடைக்கிறது, பவுடரைப் பிடித்து வைக்க ஏற்றது. இவை தவிர, தண்ணீர் பட்டால் கரைந்து ஓடுகிற சாயம் ஒன்று உண்டு. ரேஞ்சர் நிறுவனத்தின் டிஸ்ட்ரெஸ் இங்க் அப்படிப்பட்டது. 2017-ல் வந்த டிஸ்ட்ரெஸ் ஆக்சைடு அதே பெயரில் இருந்தாலும் சாயமும் பிக்மென்ட்டும் கலந்தது, தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளிறும். இரண்டும் இரண்டு விதமான அழகு, பேட் வாங்கும்போது பெயரை முழுசாகப் படித்து வாங்குங்கள்.

இதெல்லாம் தெரிந்துவிட்டால் எதை முதலில் அடிப்பது, எதை அடுத்து அடிப்பது என்பது தானாக விளங்கும். ஓவியம் வரைகிறவர்கள் பின்னணியிலிருந்து தொடங்கி முன்னால் வருவார்கள். ஸ்டாம்ப்பில் முன்னால் நிற்பதை முதலில் அடிக்க வேண்டும்.

என் அட்டையில் முன்னால் நிற்பது பானை. வெள்ளை அட்டையில் 95க்கு 90 மி.மீ. அளவில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டேன், அதுதான் வானம். பானையைப் பெரிய அழிரப்பரில் வெட்டினேன். மென்மையான பென்சிலால் டிரேசிங் பேப்பரில் படம் வரைந்து, பென்சில் பக்கத்தை ரப்பர் மேல் கவிழ்த்து ஸ்பூனால் தேய்த்தால் படம் இறங்கிவிடும். இடம் வலம் மாறித்தான் இறங்கும், ஸ்டாம்ப் அடிக்கும்போது அது திரும்பவும் நேராகிவிடும். வெட்டும்போது கத்தியைத் திருப்பாதீர்கள், ரப்பரைத் திருப்புங்கள், வளைவு வழுக்கிக்கொண்டு வரும். இன்னொன்றும் முக்கியம். கோட்டின் இரண்டு பக்கச் சுவரும் அடியில் அகலமாக இருக்கும்படி சாய்த்து வெட்ட வேண்டும். உள்பக்கமாகக் குடைந்துவிட்டால் கோடு அடியில் பலமில்லாமல் நின்று, அழுத்தும்போது மடங்கிவிடும்.

ஸ்டாம்ப்பைப் பேடில் போட்டு அழுத்துவதை விட, ஸ்டாம்ப்பை மல்லாக்க வைத்துப் பேடால் அதன் மேல் லேசாகத் தட்டுவது நல்லது. பள்ளத்தில் மை இறங்காது, மேடு முழுக்கச் சமமாகப் பிடிக்கும். புதிதாக வாங்கிய ஒளிபுகும் பாலிமர் ஸ்டாம்ப் என்றால் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். அதன் முகத்தை அழிரப்பரால் ஒரு முறை தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். அந்த வகைக்குக் காகிதத்துக்கு அடியில் பழைய மவுஸ் பேட் மாதிரி மெத்தென்று ஒன்று இருக்க வேண்டும். முதுகில் ஃபோம் ஒட்டிய ரப்பர் ஸ்டாம்ப்புக்கு மேஜையே போதும். ராஜஸ்தான், குஜராத் பக்கமிருந்து வரும் துணி அச்சு மரக்கட்டைகளைக் காகிதத்தில் அடிப்பவர்களும் உண்டு. கட்டைக்கு நெகிழ்வே கிடையாது என்பதால் அதற்குத்தான் அடியில் மெத்தை மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் வேண்டும்.

பானையைப் பழுப்பு பிக்மென்ட் மையில் அடித்தேன். ஈரம் காய்வதற்குள் நிறமற்ற எம்பாசிங் பவுடரைத் தூவி, அட்டையைச் சாய்த்துத் தட்டி, மிச்சப் பவுடரைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். பிறகு சூடான காற்று வீசும் ஹீட் கன்னைத் தனியாகச் சில விநாடி ஓடவிட்டு, நன்றாகச் சூடேறிய பிறகு அட்டையின் பக்கம் கொண்டுபோனேன். ஹேர் டிரையர் போதாதா என்று கேட்பார்கள். போதாது, காற்று வேகம் அதிகம், சூடு குறைவு, பவுடர் உருகுவதற்குள் பறந்துவிடும். ஹீட் கன் இல்லாதவர்கள் சூடான இஸ்திரிப் பெட்டியின் தட்டுக்கு மேலே அட்டையின் முதுகைக் காட்டிப் பிடிக்கலாம், இடுக்கி வைத்துப் பிடியுங்கள், விரல் சுட்டுவிடும். மங்கலாகக் கிடந்த பவுடர் ஒரு கணத்தில் உருகி மின்னும் பாருங்கள், அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதே இல்லை. மின்னிய உடனே சூட்டை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். அங்கேயே காட்டிக்கொண்டிருந்தால் உருகியது காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி ஆகிவிடும், மேடும் போய்விடும்.

பானை வாயில் பொங்கி வழிகிற நுரைக்கு நிறமற்ற மையும் வெள்ளைப் பவுடரும். இங்கே ஒரு தடவை உருக்கிவிட்டு, ஆறுவதற்குள் அதன் மேலேயே இன்னொரு தடவை பவுடர் தூவித் திரும்பச் சூடு காட்டினேன். நுரை தடித்து நிற்கும். சித்தியின் விரல் முதலில் அங்கேதான் போகும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது வானம். எம்பாஸ் செய்த இடத்தில் டை இங்க் உள்ளே இறங்காது, மேலே ஒட்டினாலும் துடைத்தால் போய்விடும். அதனால்தான் பானையை முதலில் முடித்தேன், இனிமேல் அதற்கு மேலே தைரியமாகத் தேய்க்கலாம். சூரியனுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை ஸ்டிக்கி நோட்டின் பசை உள்ள பகுதியில் வைத்து வரைந்து வெட்டி, அந்த வட்டத்தில் மை படாமலிருக்க வலது மேல் மூலையில் ஒட்டினேன். முகத்துக்கு மேக்கப் போடுகிற ஸ்பாஞ்சில் மஞ்சள் மையை எடுத்து, தாளுக்கு வெளியே மேஜை விரிப்பில் சுழற்றத் தொடங்கி, அப்படியே சுழற்றிக்கொண்டே தாளுக்குள் வர வேண்டும். நேராகத் தாளில் வைத்து அழுத்தினால் அந்த முதல் வட்டம் கறையாக நின்றுவிடும், பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். சூரியனைச் சுற்றி மஞ்சள், அடுத்து ஆரஞ்சு, ஓரங்களில் கொஞ்சம் இளஞ்சிவப்பு. மஞ்சளுக்குப் பக்கத்தில் நேரடியாக ஊதாவைக் கொண்டுவந்தால் இரண்டும் கலக்கும் இடம் சேறாகிவிடும், நடுவில் சிவப்போ இளஞ்சிவப்போ இருந்தால் வானம் சுத்தமாக இருக்கும்.

வானம் முடிந்ததும், வாசல் தெளிக்கிற மாதிரி விரல் நுனியால் தண்ணீரைத் தெளித்தேன். டிஸ்ட்ரெஸ் இங்க் என்பதால் துளி விழுந்த இடத்தில் சாயம் கரைந்து மேலே மிதக்கும். கொஞ்சம் பொறுத்து டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்தால் வெளிர் புள்ளிகள் மட்டும் நிற்கும், விடிகாலைப் பனி மூட்டத்துக்கு அது போதும். ஈரத்துணியால் பானையை ஒரு முறை துடைத்ததும் நுரை பளிச்சென்று வெள்ளையாக வந்தது. இந்தத் தண்ணீர் வேலை முழுவதையும் கரும்புக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், காரணம் அடுத்து வருகிறது.

கரும்புக்கு எந்த ஸ்டாம்ப்பும் வெட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண அழிரப்பரின் ஒடுங்கிய பக்கமே ஒரு கரணை. மையைத் தொட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடித்துக்கொண்டே போனால், இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டால் அதுதான் கணு. மைக்கு நான் எடுத்தது எல்லா ஆபீஸிலும் இருக்கிற சாதாரண ஊதா ஸ்டாம்ப் பேட். அது சாயம், அதனால் அடியில் இருக்கும் ஆரஞ்சு அதன் வழியே தெரியும், ஊதாவும் ஆரஞ்சும் சேர்ந்து கருஞ்சிவப்பாகப் பழுக்கும். பொங்கலுக்கு வருகிற செங்கரும்பின் தோல் அதே நிறம்தான். வானத்தைப் பொறுத்தவரை எதைத் தவிர்க்கச் சொன்னேனோ அதுவே இங்கே வேலைக்கு ஆகிறது. ஆனால் ஆபீஸ் மையில் தண்ணீர் பட்டால் ஓடும், ஒரு துளி போதும் கரும்பு முழுக்கக் கலங்கிவிட, அதனால்தான் தெளிக்கிற வேலையை முன்னாலேயே முடிக்கச் சொன்னது.

கரும்பு பானைக்குப் பின்னால் நிற்க வேண்டுமே, அதற்கு ஒரு முகமூடி. பானையை ஒரு ஸ்டிக்கி நோட்டிலும் அடித்து, கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே வெட்டி, அதை அட்டையில் இருக்கும் பானை மேல் ஒட்டிவிட்டுக் கரும்பை அடித்தால் போதும். எடுத்துப் பார்த்தால் கரும்பு பானைக்குப் பின்னால் மறைந்து மேலே எழுந்திருக்கும். கோட்டுக்கு வெளியே வெட்டினால் பானையைச் சுற்றிக் கரும்பு படாத விளிம்பு தெரியும். பின் வரிசைக் கரும்புக்கு மை தொட்டதும் முதலில் வேறு தாளில் ஒரு தடவை அடித்துவிட்டு, மிச்ச மையோடு அட்டையில் அடித்தேன். வெளிறி விழும், தூரத்தில் நிற்பது போல் இருக்கும். தோகைக்கு ரப்பரில் நீளமாக ஒரு சீவல், பச்சை மை. பானை கழுத்தில் மஞ்சள் கொத்துக்கும் அதே சீவலையே சின்னதாக நறுக்கிக்கொண்டேன். இங்கே மட்டும் பிக்மென்ட் பச்சை, பானையின் வழவழப்பில் சாயம் நிற்காது என்பதால். அதைக் காயவிடாமல் உடனே நிறமற்ற பவுடர் போட்டு உருக்கி நிறுத்திவிட்டேன்.

அடுத்தது கீழ்ப்பகுதி, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 95க்கு 48 மி.மீ. அளவில் செங்காவி நிற அட்டை. அதன் மேல் கோலம், அதற்குக் கோல அச்சேதான். படியிலும் பூஜை அறையிலும் மாவு போட்டுத் தட்டுவோமே, அந்த ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் அச்சு. மூன்று நான்கு அங்குல அச்சு முழுதாக அடங்காது, பாதிக் கோலம் விழும்படி வைத்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டிக்கொண்டேன், வாசலின் ஒரு மூலையைப் பார்ப்பது போல் இருக்கிறது. வெள்ளைச் சாயத்தில் பிரயோஜனம் இல்லை என்பது மேலே சொன்னதிலிருந்தே புரியும். வெள்ளை பிக்மென்ட் மையை ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்துச் செங்குத்தாக ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது, தேய்த்தால் ஓட்டைக்கு அடியில் மை கசிந்து புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அச்சை நேராக மேலே தூக்கி எடுத்துவிட்டு உடனே வெள்ளை எம்பாசிங் பவுடர். வெறும் வெள்ளை மை காய்ந்தால் மங்கிவிடும், பவுடர் உருகினால்தான் ஈர மாக்கோலத்தின் வெண்மை வருகிறது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம், காகிதமும் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும், எம்பாசிங் பவுடர் வேண்டாத இடத்திலெல்லாம் ஒட்டும். செங்காவி மேல் வெள்ளைத் தூசி அங்கங்கே உருகி நின்றால் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அதற்கென்று தனிப் பை விற்கிறார்கள், நான் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டி, மை தொடும் முன் அட்டை முழுக்க ஒரு முறை ஒற்றி, பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். மார்கழிக் காலையில் எம்பாசிங் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள், வெயில் ஏறிய மத்தியானத்தில் செய்யுங்கள். வானத்துக்குப் போட்ட மையும் அதே மாதிரிதான், முழுக்கக் காய்ந்த பிறகே அதன் பக்கத்தில் பவுடர் டப்பாவைத் திறக்க வேண்டும்.

எழுத்து. 'பொங்கல் வாழ்த்துகள்' என்று ரப்பரில் வெட்டிப் பார்க்கலாம், பெரிய எழுத்தாக இருந்தால் அழகாகவும் வரும். சின்ன அளவில் கஷ்டம். கொம்பின் சுழியும் 'ழ'வின் உள்வளைவும் கடுகளவுகூட இருக்காது, ங் மேலும் ல் மேலும் தனியாக நிற்கிற புள்ளி இரண்டு தடவை அடித்தால் பிய்ந்துவிடும். இதற்கு நம் ஊரிலேயே அருமையான வழி இருக்கிறது. கோர்ட், தாலுகா ஆபீஸ் பக்கத்தில் சீல் செய்து தருகிற ரப்பர் ஸ்டாம்ப் கடை. பிடித்த எழுத்துருவில் டைப் செய்து கொண்டுபோய்க் கொடுங்கள், இடம் வலம் மாற்றும் வேலையை அவர்களே செய்வார்கள். இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். உள்ளேயே மை ஊறுகிற வகை வேண்டாம், தனி ரப்பராகவோ பாலிமராகவோ வேண்டும். அப்போதுதான் எந்த மையும் போட முடியும். எழுத்தும் மெல்லியதாக இருக்கக் கூடாது, பவுடர் உருகும்போது கொஞ்சம் பரவும், மெல்லிய சுழிகள் அடைத்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் செட்டில் நூறு ஆங்கில வாசகம் இருந்து என்ன பயன், தமிழில் ஒரு வரி நம் பெட்டியில் இருந்தால் வருடா வருடம் உழைக்கும். நிறமற்ற மை, தங்கநிறப் பவுடர், வெள்ளை அட்டையில் அடித்து 12 மி.மீ. அகல நாடாவாக வெட்டினேன். வானமும் வாசலும் சேருகிற கோட்டை அந்த நாடா மூடிவிடுகிறது.

சூடு பட்ட அட்டைகள் வளைந்திருக்கும், காகிதத்தின் ஈரம் ஒரு பக்கம் மட்டும் போய்விடுவதால். பின்பக்கமும் லேசாகச் சூடு காட்டி, ஒரு ராத்திரி கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் நேராகிவிடும். அதன் பிறகுதான் ஒட்ட வேண்டும். ஃபோம் டேப் வைத்து உயர்த்தி ஒட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், தபாலில் போகும் அட்டைக்கு நான் வைப்பதில்லை, வழியில் நசுங்கும். எடையும் ஒரு காரணம். கடிதத்துக்குத் தபால் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படி. ஏ6 ஆக மடித்த 300 ஜிஎஸ்எம் அட்டை 9 கிராம் சொச்சம், மேலே ஒட்டிய துண்டுகள் 4 கிராம், கவர் இன்னொரு 4. பசையையும் பவுடரையும் சேர்த்தாலும் முதல் படிக்குள் நிற்கிறது. எம்பாஸ் செய்த பக்கத்தின் மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்துத்தான் கவருக்குள் போட வேண்டும், மேடான கோலம் கவரோடு உரசாமல் இருக்கும்.

வேலை முடிந்ததும் ஸ்டாம்ப்புகளை ஈரத்துணியால் துடையுங்கள், பிக்மென்ட் பட்டவற்றுக்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். பாலிமர் ஸ்டாம்ப்பை வெயிலில் காயவைக்க வேண்டாம், மஞ்சளாகிவிடும். சாயக் கறை நின்றால் கவலை இல்லை, அடுத்த நிறத்தில் அது கலக்காது. கோல அச்சை மட்டும் உடனே கழுவிவிடுங்கள், ஓட்டைக்குள் வெள்ளை மை காய்ந்தால் ஊசி வைத்து ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும், பொங்கலன்று அதே அச்சு வாசலுக்கும் வேண்டும்.